எலும்பு ஒட்டுமா, டாக்டர்?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பிறந்தபோதே உடம்பில் காபி சிந்தியது போல் திட்டுகள் இருந்தன. நான்கு வயதில் ‘நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1’ என்று சொன்னார்கள். போன வருடம் முதுகின் பக்கவாட்டு வளைவு 42 டிகிரி. இப்போது 58. கூனும் 60 டிகிரி இருக்கிறதாம். முன்பக்கமும் பின்பக்கமும் திறந்து, ஸ்க்ரூ, ராடு வைத்து எலும்பை இணைக்க வேண்டும் என்கிறார் சர்ஜன். “இந்த நோயில் எலும்பு ஒட்டாமலும் போகலாம், மறுபடி திறக்க வேண்டி வரலாம்” என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சிட்னியில் இருக்கும் என் தம்பி, எலும்பை வளர்க்கும் புரத மருந்து, எலும்பு கரையாமல் தடுக்கும் ஊசி, இந்த நோய்க்கென்றே ஒரு மாத்திரை எல்லாம் வந்திருக்கின்றன, பொறுத்திருந்து செய்யலாம் என்கிறான். மாமியார் பிரண்டைத் துவையலும் முடவாட்டுக்கால் சூப்பும் கொடுத்து வருகிறார். முதுகு நீவுகிறவரிடம் ஒரு தடவை காட்டலாம் என்கிறார். சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி என்றும் வீட்டில் பேச்சு. முழுப் பரீட்சை முடிந்து மே மாதம் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு தாய், தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியாகச் சொன்ன விஷயத்துக்குத்தான் முதல் பதில். முதுகு நீவுகிறவரிடம் மகளைக் கூட்டிப் போகாதீர்கள். ஒரு தடவைகூட வேண்டாம். நமக்கெல்லாம் வரும் முதுகு வலிக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சுகமாக இருக்கும், பெரிய கெடுதலும் இல்லை. என்.எஃப்.1 (நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1) முதுகு அப்படியல்ல. தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறை சில குழந்தைகளுக்கு பலூன் மாதிரி உப்பி, முள்ளெலும்பை உள்ளிருந்தே அரித்து முட்டை ஓடு போல் மெலிதாக்கிவிடும். வளைவின் உச்சியில் இருக்கும் விலா எலும்பின் தலை நழுவி, தண்டுவடம் ஓடும் குழாய்க்குள்ளேயே நுழைந்திருப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அந்த இடத்தில் ஒருவர் முழங்கையை ஊன்றி அழுத்தினால் அது எங்கே போய்க் குத்தும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

துவையலும் சூப்பும் தாராளமாகச் சாப்பிடட்டும். பிரண்டை எலும்புக்கு நல்லது என்பது நம் பக்கம் வழிவழியாக வரும் பேச்சு. விலங்குகளுக்குக் கொடுத்தும் கொஞ்சம் சோதித்திருக்கிறார்கள். ஆனால் இந்த நோயில் முதுகெலும்பை ஒட்டவைக்கும் என்று நம்பி மாமியாரும் நீங்களும் உட்கார்ந்துவிடக் கூடாது. கேப்சூல், லேகியம் என்று கடையில் வாங்கி ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால், அதை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சொந்தத்தில் கட்டிய பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே குறை சேர்ந்து வந்தால்தான் வரும் நோய்கள் சில இருக்கின்றன. உறவில் கட்டினால் அவற்றுக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மை. இது அந்த வகை இல்லை. 17-ஆவது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பெற்றோரிடமிருந்து வந்ததே அல்ல, புதிதாக நேர்ந்த எழுத்துப்பிழை. சொந்தத்தில் கட்டும் வழக்கமே இல்லாத நாடுகளிலும் சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. நீங்களும் உங்கள் கணவரும் ஒருமுறை தோல் மருத்துவரிடம் உடம்பைக் காட்டுவது நல்லது. பெரியவர்களுக்கு 15 மில்லிமீட்டருக்குக் குறையாத திட்டுகள் ஆறு இருக்கிறதா, அக்குளில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கிறதா என்று பார்ப்பார். யார் மேல் பழி போடலாம் என்று கண்டுபிடிக்க அல்ல. அடுத்த குழந்தை பற்றி யோசித்தால் அப்போது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சர்ஜன் பயமுறுத்தவில்லை, உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஸ்க்ரூவும் ராடும்தான் முதுகை நேராக்கி நிறுத்துகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அவை கான்கிரீட் இறுகுகிறவரை தாங்கும் சென்ட்ரிங் மாதிரி. உண்மையான வேலை, முள்ளெலும்புகளின் மேல்தோலைச் சுரண்டி, ரத்தப் புள்ளிகள் துளிர்க்கிறவரை சுரண்டி, இடுப்பிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்த எலும்பைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி அதன் மேல் பரப்பி மூடுகிறோமே, அதுதான். அந்தத் துண்டுகள் உயிர்பிடித்து, பல எலும்புகள் ஒரே எலும்பாக வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். ஆகவில்லை என்றால், கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறிவது போல, டைட்டானியம் ராடும் ஒரு நாள் முறியும்.

பல வருடங்களுக்கு முன் என் நோயாளியாக ஒரு பையன் இருந்தான். இதே நோய். ஆபரேஷன் நானே செய்தது. பின்பக்கம் மட்டும் செய்தால் போதும் என்று நானே முடிவு செய்ததும்கூட. பதினாலு மாதம் கழித்து, தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தபோது “டக்குன்னு உள்ளே ஒரு சத்தம் கேட்டுச்சு சார்” என்று வந்தான். திறந்து பார்த்தேன். ராடு முறிந்திருந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் எலும்பு நன்றாகவே இருந்தது. முறிந்த மட்டத்தில் மட்டும், நான் பரப்பிய துண்டுகளைக் காணோம். சாம்பல் வெள்ளையில் ரப்பர் மாதிரி ஒரு நார்ச் சதை. விரலால் தொட்டால் அசைந்தது. போட்ட எலும்பு எங்கே போயிற்று? கரைந்து போயிற்று. இதைப் ‘பொய்மூட்டு’ என்கிறோம்: மூட்டு இருக்கக் கூடாத இடத்தில் மூட்டு மாதிரி அசையும். முன்பக்கமும் திறந்து எலும்பு வைத்த பிறகுதான் அவனுக்கு ஒட்டியது. அந்தப் பையனுக்குப் பிறகு, இந்த நோயில் கூன் 50 டிகிரியைத் தாண்டியிருந்தால் பின்பக்கம் மட்டும் போதும் என்று நான் யாருக்கும் சுலபமாகச் சொல்வதில்லை. இன்றைய ஸ்க்ரூக்கள் அன்றையதைவிடப் பலம், சில குழந்தைகளுக்குப் பின்பக்கமே போதும் என்று வாதிடும் நல்ல சர்ஜன்கள் உண்டு. உங்கள் மகளின் 60 டிகிரி கூனுக்கு உங்கள் சர்ஜன் சொன்ன வழியே எனக்கும் சரியாகப் படுகிறது.

ஏன் கரைகிறது? எலும்பு கல் இல்லை. கட்டுகிற செல்லும் கரைக்கிற செல்லும் ஆயுள் முழுக்க அதில் வேலை பார்க்கின்றன. உங்கள் மகளிடம் கெட்டுப்போன மரபணு செய்ய வேண்டிய புரதத்துக்கு நியூரோஃபைப்ரோமின் என்று பெயர். செல்லுக்குள் ‘பெருகு, பெருகு’ என்று விரட்டும் ‘ராஸ்’ என்ற சமிக்ஞைக்கு அதுதான் பிரேக். பிரேக் தளர்ந்தால், எலும்பு கட்ட வேண்டிய செல்கள் எண்ணிக்கையில் பெருகுகின்றன, ஆனால் முதிர்வதில்லை. கரைக்கும் செல்களோ துள்ளுகின்றன. கொத்தனார் வேலை பழகாமல் நிற்கிறார், இடிக்கிறவர் இரண்டு ஷிப்ட் பார்க்கிறார். உங்கள் தம்பி சொன்ன மூன்று மருந்துகளும் இந்தக் கதையின் மூன்று இடங்களில் கைவைக்கின்றன. அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்; ‘பொறுத்திருந்து’ என்ற ஒரு சொல்லில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை.

எலும்பை வளர்க்கும் புரதம் என்பது பி.எம்.பி. 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், சுண்ணாம்பை நீக்கிய எலும்புத் துண்டைத் தசைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பு முளைக்கிறது என்று காட்டினார். அதற்குக் காரணமான புரதங்களில் ஒன்றை இப்போது ஆய்வகத்தில் தயாரிக்கிறார்கள். தியேட்டரில் பார்த்தால் சாதாரணமாக இருக்கும்: வெள்ளைப் பொடி, அதைக் கரைத்துப் பஞ்சு மாதிரியான கொலாஜன் துண்டில் ஊறவைத்து, எலும்பு வளர வேண்டிய இடத்தில் வைப்போம். 2002-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. பெரியவர்களுக்கு, கீழ் முதுகில், ஒரே ஒரு மட்டத்தில், முன்பக்கமாகச் செய்யும் இணைப்புக்கு மட்டும்தான் அந்த அனுமதி. ஆனால் டாக்டர்கள் கண்ட இடத்திலெல்லாம் வைத்தார்கள். கழுத்தில் வைத்த சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சே அடைத்ததால் 2008-இல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. முதலில் வந்த ஆய்வுகள் பக்கவிளைவுகளைக் குறைத்துச் சொல்லிவிட்டன என்று 2011-இல் பெரிய சர்ச்சையும் கிளம்பியது. இதெல்லாம் சாதாரண முதுகுக்காரர்களின் கதை.

உங்கள் மகளுக்குக் கூடுதலாக இரண்டு தடைகள் இருக்கின்றன. வளர்ச்சி முடியாத எலும்பிலும், கட்டி இருக்கும் இடத்திலும், கட்டி எடுத்த இடத்திலும் வைக்கக் கூடாது என்பது அந்த மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. இவளுக்கு 11 வயது. அதோடு, என்.எஃப்.1 என்பதே நரம்புகளில் கட்டி வளரும் நோய். பெரும்பாலான கட்டிகள் சாதுவானவை. ஆனால் இந்த நோய் உள்ள 100 பேரில் 8 முதல் 13 பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் நரம்புறையில் புற்று வரலாம் என்பதும் நாங்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு. பி.எம்.பி. அதைத் தூண்டும் என்று நான் சொல்லவில்லை. வளரச் சொல்லும் மருந்தை அப்படிப்பட்ட உடம்பில், முதல் ஆபரேஷனிலேயே வைக்க எனக்குக் கை வராது. ஒட்டாமல் மறுமுறை திறக்கும்போது, அருகில் கட்டி இல்லை என்று எம்.ஆர்.ஐ. காட்டினால், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி யோசிக்கலாம். அப்படி யோசித்து வைக்கும் சர்ஜன்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

எலும்பு கரையாமல் தடுக்கும் ஊசி என்று தம்பி சொன்னது பிஸ்பாஸ்போனேட் வகை. ஜோலிட்ரானிக் அமிலம், பாமிட்ரோனேட் இரண்டும் குழந்தை மருத்துவத்தில் பழகிய பெயர்கள். எலும்பு எளிதில் நொறுங்கும் இன்னொரு பிறவி நோய்க்குப் பாமிட்ரோனேட்டைப் பல வருடங்களாகக் கொடுத்து வருகிறார்கள். இவை இடிக்கிறவரின் கையைக் கட்டும். உங்கள் தம்பி இருக்கும் சிட்னியிலேயே ஒரு குழு, பி.எம்.பி.யையும் ஜோலிட்ரானிக் அமிலத்தையும் சேர்த்துச் சுண்டெலியின் முதுகில் சோதித்து 2014-இல் வெளியிட்டது. இயல்பான சுண்டெலி 16, உங்கள் மகளைப் போல் அந்த மரபணுவின் ஒரு பிரதி கெட்ட சுண்டெலி 16. பி.எம்.பி. மட்டும் வைத்ததைவிட இரண்டும் சேர்ந்தபோது இணைப்பில் உண்டான எலும்பின் அளவு இயல்பான எலிகளில் 229 சதவீதமும், நோயுள்ள எலிகளில் 174 சதவீதமும் கூடியது. தம்பி இதைத்தான் படித்திருப்பார். அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கிறது: இவ்வளவு கொடுத்தும், நோயுள்ள எலிகள் இயல்பான எலிகள் அளவுக்கு எலும்பு போடவில்லை. மேலும், வாரத்துக்கு இரண்டு ஊசி போட்டார்கள். குழந்தைக்கு அப்படி யாரும் போட முடியாது.

என்றாலும் மூன்றில் எனக்கு ஓரளவு நம்பிக்கை இந்த ஊசியின் மேல்தான். எலும்பு அடர்த்தி குறைவாக இருக்கும் குழந்தைக்கு, குழந்தைகளின் ஹார்மோன் நிபுணரோடு பேசிக் கொடுக்கலாம் என்பது என் பழக்கம். ட்ரிப்பாக ஏற்றுவோம், ஜோலிட்ரானிக் அமிலம் என்றால் அரை மணி நேரம் போல் ஆகும். முதல் தடவை ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது ரத்தத்தில் கால்சியம் இறங்குவதற்கு. வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது ஊசி போட்டால் அது நடக்கும், என்.எஃப்.1 உள்ளவர்களுக்கோ வைட்டமின் டி குறைவாக இருப்பது சகஜம். ஆகவே முதலில் அதைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பல் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். இந்த மருந்து எலும்பில் வருடக்கணக்கில் தங்கும். பெண் குழந்தை என்பதால் பிற்காலத்தில் கர்ப்பத்தின்போது சொல்ல வேண்டியிருக்கும். பேப்பர்களைப் பத்திரமாக வையுங்கள்.

மாத்திரை என்றது செலுமெடினிப் கேப்சூலாக இருக்க வேண்டும். ராஸுக்குக் கீழே இருக்கும் ‘மெக்’ என்ற கண்ணியை அடைக்கும் மருந்து. ஆபரேஷனால் எடுக்க முடியாமல் பின்னிப் பரவி, தொல்லை கொடுக்கும் நரம்புக் கட்டி உள்ள என்.எஃப்.1 குழந்தைகளுக்கு 2020 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. 50 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கட்டி ஐந்தில் ஒரு பங்காவது சுருங்கியது. இந்த நோயில் இவ்வளவு வருடம் கையைப் பிசைந்துகொண்டு நின்ற எங்களுக்கு அது பெரிய செய்திதான். ஆனால் அது கட்டிக்கான செய்தி. மெக் தடுப்பானோடு பி.எம்.பி. சேர்த்தால் எலும்பு நன்றாக ஆறுகிறது என்பது சுண்டெலியில் கண்டது. குழந்தையின் முதுகெலும்பு ஒட்டுவதற்காக மட்டும் இதை நான் தொடங்கமாட்டேன். தினமும் இரண்டு வேளை, மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். முகத்தில் பரு, நகக்கண் புண், வயிற்றுப்போக்கு வரும். இதயத்தையும் கண்ணையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். விலையும் எளியவர்கள் எட்டும் இடத்தில் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் பெரிய பின்னல் கட்டி தெரிந்தால் கதை வேறு. அப்போது அதற்காகவே கேளுங்கள்.

நான்காவதாக ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். பாட்டிமார்களுக்கு எலும்புத் தேய்வுக்குத் தினமும் வயிற்றில் போடுகிறார்களே, டெரிபாரடைட் ஊசி. எலும்பைக் கட்டும் மருந்துதான். எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது எலும்புப் புற்று வந்தது. மனிதர்களில் அப்படிப் பெரிதாகக் காணாததால் கடுமையான எச்சரிக்கையை 2020-இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வளரும் குழந்தைக்குப் போடுவதில்லை. யார் சொன்னாலும் வேண்டாம்.

ஆக, ஆபரேஷனுக்கு முன் நீங்கள் கையில் எடுக்கக்கூடியவை மலிவானவை: வைட்டமின் டி, கால்சியம், புரதம். முட்டை, பயறு, பால். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மாமியாரிடம் அந்தக் களியைக் கிண்டச் சொல்லுங்கள். அவர் கைக்கும் ஒரு வேலை வேண்டுமில்லையா.

சர்ஜனிடம் அடுத்த முறை போகும்போது இதையெல்லாம் கேளுங்கள். முதுகு முழுக்க எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா, உறை உப்பியிருக்கிறதா, விலாத் தலை உள்ளே வந்திருக்கிறதா? ஸ்க்ரூ நுழைக்கும் எலும்புக் காம்பு எவ்வளவு மெலிது என்று பார்க்க சி.டி. எடுத்தாயிற்றா? நறுக்கிப் போடும் எலும்பை இவளிடமிருந்தே எடுப்பீர்களா, எங்கிருந்து? ஆபரேஷன் நடக்கும்போதே தண்டுவடத்தின் சமிக்ஞையைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறதா? ஒட்டிவிட்டதா என்று எப்போது, எதை வைத்துச் சொல்வீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். எக்ஸ்ரேயில் ராடு நேராகத் தெரிவதை வைத்து ‘ஒட்டிவிட்டது’ என்று சொல்லிவிட முடியாது. ஒரு வருடம் போல் ஆனதும் சி.டி. பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டாத மட்டம் தெரிந்தால், ராடு முறிகிறவரை காத்திருக்காமல் அந்த இடத்தில் மட்டும் மீண்டும் எலும்பு வைக்கலாம். அது சின்ன ஆபரேஷன், முறிந்த பிறகு செய்வது பெரியது.

இந்தக் குழந்தைகளுக்கு இணைப்பதால் உயரம் நின்றுவிடுமே என்றும் கவலை இருக்கும். நோய் கடித்த அந்த நான்கைந்து எலும்புகள் எப்படியும் சரியாக வளரப் போவதில்லை. வளைந்து வளைந்து இழக்கும் உயரம் அதைவிட அதிகம். பெல்ட் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த வகைக் குறுகிய கூர்மையான வளைவில் பெல்ட் நிற்பதில்லை.

மே மாதம் பற்றி. ஒரு வருடத்தில் 16 டிகிரி கூடியிருக்கிறது. இந்த வேகத்தில் போகும் வளைவு பரீட்சைக்காக நிற்காது, மருந்து வரட்டும் என்றும் நிற்காது. 58-இல் செய்வதும் 80-இல் செய்வதும் ஒரே ஆபரேஷன் அல்ல. ரத்த இழப்பு, தண்டுவட ஆபத்து எல்லாமே மாறும். எம்.ஆர்.ஐ.யை இந்த வாரமே எடுங்கள். தண்டுவடம் எங்கும் நசுங்கவில்லை, சர்ஜனும் சில வாரம் தாங்கும் என்கிறார் என்றால் பரீட்சை எழுதட்டும், நானும் சரி என்பேன். அதுவரை பி.டி. வகுப்பில் குட்டிக்கரணம், கபடி வேண்டாம். பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுங்கள். அவள் நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றாலோ, கால் இடறினாலோ, சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ காலைவரை பொறுக்காதீர்கள். அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.